நாலணா சந்தாவும் பூட்டிக் கிடக்கும் அஞ்சுமனும்



கடந்த மாதம் வாலாஜாவில் ஒரு மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர்கள் நாலைந்து பேர் என்னைத் தேடி வந்தார்கள். "ஹஜ்ரத், எங்க அஞ்சுமன் ரூமைத் திறந்து சுத்தம் பண்றோம். செல்போன் கடைக்கு வாடகைக்குக் கேட்கறாங்க. உள்ளே உருது ரிஜிஸ்டர் ஒரு மூட்டை கிடக்குது. எங்களுக்குப் படிக்கத் தெரியலை. எது வேணும், எது வேணாம்னு நீங்க பார்த்துச் சொன்னா மீதியை எடைக்குப் போட்டுடலாம்" என்றார்கள்.

எடைக்கு!

கோபப்படவில்லை. அவர்கள் மீது என்ன குற்றம்? வீட்டில் பேசுகிற மொழி உருது. பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழும் ஆங்கிலமும். பாட்டனார் எழுதியதைப் பேரனால் படிக்க முடியவில்லை. மதரஸாவில் ஓதி வந்த என்னைப் போன்ற ஒருவன் வந்து வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது.

போனேன். பள்ளிவாசலை ஒட்டி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் அறை. ஒரு மூலையில் கரையான். இன்னொரு மூலையில் சந்தூக்கு. நடுவில் காலொடிந்த மேசை. மேசை மேல் சிவப்புத் துணியில் கட்டிய மூட்டை. அவிழ்த்ததும் கையில் கிடைத்த முதல் புத்தகம் ஹிஜ்ரி 1356ஆம் வருடத்துச் சந்தா புத்தகம். ஆங்கிலக் கணக்கில் 1937.

வாசிக்க ஆரம்பித்தேன். தோல் மண்டி முதலாளி - நாலணா. ஜட்கா ஓட்டுபவர் - நாலணா. பீடி சுற்றுபவர் - நாலணா. ராணிப்பேட்டை தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்பவர் - நாலணா. எல்லோருக்கும் ஒரே தொகை! முதலாளியிடம் அதிகமாக வாங்கியிருக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். வாங்கவில்லை. அதுமட்டுமல்ல, அந்த முதலாளி இரண்டு மாதம் கட்டத் தவறியிருக்கிறார். அவருடைய பெயருக்கு எதிரே சிவப்பு மையில் "பாக்கி" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குழியில் வேலை செய்த மனிதருக்கு ஒரு மாதம்கூட பாக்கி இல்லை.

செலவுப் பக்கத்தைப் புரட்டினேன். கஃபன் துணி. கபர் தோண்டிய கூலி. வாணியம்பாடியில் படிக்கும் ஒரு பையனுக்கு ஃபீஸ். "முசாபிர் ஒருவர், ரயிலடியில் வபாத், ஊர் தெரியாது - அடக்கச் செலவு". பிறகு ஒவ்வொரு மாதமும் தவறாமல் ஒரு வரி: "கிணற்றுக்குப் பின்வீடு - அரிசி". பெயர் இல்லை. புத்தகத்துக்குப் புத்தகம் பார்த்தேன். பதினோரு வருடம் அந்த வரி தொடர்கிறது. யார் அந்த வீட்டில் இருந்தார்கள் என்பதை எழுதியவர் கடைசி வரை எழுதவே இல்லை.

அப்போது ஒரு தம்பி கேட்டார். நல்ல பையன், மொபைலில் தொழில் செய்பவர். "இதெல்லாம் இப்ப எதுக்கு ஹஜ்ரத்? வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட்டா ஒரு மணி நேரத்துல ஐம்பதாயிரம் வந்துடுதே!"

நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் எனக்குச் சரியான பதில் வரவில்லை. இந்தக் கட்டுரையில்தான் அவருக்குப் பதில் சொல்லப் பார்க்கிறேன். கொஞ்சம் தூரம் சுற்றித்தான் வர வேண்டும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

கடல் கடந்து போனவர்களின் கதை

நமக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கூட்டத்தாரிடமிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தாலியர்கள்! நம்முடைய தோலையும் ஷூவையும் வாங்குகிற நாடு என்ற அளவில் ஏற்றுமதி வியாபாரிகளுக்கு இத்தாலியைத் தெரியும். ஆனால் நூறு வருடத்துக்கு முன் அந்த நாட்டின் தென்பகுதி பஞ்சப் பிரதேசம் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1880க்கும் 1920க்கும் இடையில் சுமார் 40 லட்சம் இத்தாலியர்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். பெரும்பாலோர் சிசிலித் தீவிலும் தென் இத்தாலியிலும் கூலி விவசாயம் செய்தவர்கள். எழுத்தறிவு குறைவு. அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்தது மண் வெட்டும் வேலை, ரயில் பாதை போடும் வேலை, சுரங்க வேலை.

மரியாதை கிடைத்ததா? கத்தோலிக்கர்கள் என்று ஒரு வெறுப்பு, கறுத்தவர்கள் என்று ஒரு வெறுப்பு, குற்றப் பரம்பரை என்று ஒரு வெறுப்பு. 1891 மார்ச் மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரில் போலீஸ் அதிகாரி ஒருவரைக் கொன்றதாகப் பழி சுமத்தப்பட்டு இத்தாலியர்கள் சிறையில் கிடந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் ஒருவரையும் ஜூரிகள் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கவில்லை. மறுநாள் கும்பல் சிறையை உடைத்து உள்ளே புகுந்து 11 பேரைக் கொன்றது. ஒரு சமுதாயத்தையே சந்தேகக் கண்ணோடு பார்ப்பது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த மக்கள் என்ன செய்தார்கள்? ஊருக்கு ஒரு சங்கம் வைத்தார்கள். ஒரே கிராமத்திலிருந்து வந்தவர்கள் ஒன்று சேர்ந்து மாதச் சந்தா கட்டினார்கள். உறுப்பினர் நோயில் விழுந்தால் வாரத்துக்கு இவ்வளவு என்று சங்கம் கொடுக்கும். சில சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு டாக்டரையே அமர்த்திக் கொண்டன. உறுப்பினர் இறந்தால் அடக்கச் செலவு சங்கத்தினுடையது. ஊர்வலத்துக்கு எல்லோரும் வந்தாக வேண்டும். அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலம். இன்சூரன்ஸ் என்பது ஏழைக்கு எட்டாத காலம். அந்நிய மண்ணில் அநாதையாகப் புதைக்கப்படக் கூடாது என்ற ஒரே பயம்தான் அந்தச் சங்கங்களைக் கட்டியது.

ஒரு கஷ்டம் இருந்தது. ஒரு ஊர்க்காரன் பேசுவது இன்னொரு ஊர்க்காரனுக்குப் புரியாது. "அவன் சிசிலிக்காரன், நாங்கள் நேப்பிள்ஸ்காரர்கள்" என்று தனித்தனியாக நின்றார்கள். (லெப்பை, ராவுத்தர், தக்கனி என்று நாம் பிரிந்து நிற்பது ஞாபகம் வருகிறதா?) 1905இல் நியூயார்க்கில் வின்சென்சோ செல்லாரோ என்ற சிசிலி டாக்டர், எல்லா ஊர்க்காரர்களையும் ஒரே குடையின் கீழ்க் கொண்டுவர "இத்தாலியின் புதல்வர்கள்" என்ற பெரிய சங்கத்தை ஆரம்பித்தார். அது நாடு முழுவதும் கிளை விட்டது. குடியுரிமை மனு எழுதவும், ஆங்கிலம் கற்கவும், ஓட்டுப் போடவும் இத்தகைய சங்கங்களில்தான் அந்தச் சமுதாயம் பழகியது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டும். 1924இல் வந்த சட்டம் இத்தாலியிலிருந்து புதிதாக வருபவர்களின் எண்ணிக்கையைச் சுருக்கிவிட்டது. 1935இல் அமெரிக்க அரசாங்கமே முதியோர் பென்ஷனுக்குச் சட்டம் கொண்டு வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் வீட்டு வாசலுக்கு வந்தன. 1941இல் யுத்தத்தின்போது, குடியுரிமை பெறாத சுமார் ஆறு லட்சம் இத்தாலியர்களை "எதிரி நாட்டார்" என்று அரசாங்கம் அறிவித்ததும், வீட்டுக்குள்கூட இத்தாலி மொழி பேசக் கூடாது என்று பெற்றோர்களே பிள்ளைகளை அடக்கினார்கள். மூன்றாம் தலைமுறை மொழியை மறந்தது, புறநகருக்குக் குடியேறியது. சங்கத்தின் வேலை ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போயிற்று. வேலை போன பிறகு மிஞ்சியது என்ன? பல இடங்களில் ஒரு கட்டிடம், சீட்டாட்ட மேசை, மதுக்கடை, வருடத்துக்கு ஒரு விருந்து, கொலம்பஸ் தின ஊர்வலம். ஒரு காலத்தில் விதவைக்குக் கஞ்சி ஊற்றிய சங்கங்கள், 2020இல் கொலம்பஸ் சிலைகள் அகற்றப்பட்டபோது சிலைகளைக் காக்க வழக்குப் போட்டன.

அவர்களை நான் கேலி செய்யவில்லை. இன்றைக்கும் கல்வி உதவித்தொகை கொடுத்து உயிரோடு இருக்கும் கிளைகள் அங்கே உண்டு. எந்தக் கிளையின் கையில் வேலை இருந்ததோ அது பிழைத்தது. எதன் கையில் விழா மட்டும் இருந்ததோ அது உளுத்துப் போனது.

கடையநல்லூரிலிருந்து தஞ்சோங் பகார் வரை

அமெரிக்கா எதற்கு, நம் தமிழ் முஸ்லிம்களிடமே இந்தக் கதை இருக்கிறது. தெற்கே, இன்றைய தென்காசி மாவட்டத்தில் கடையநல்லூர். நெசவு செய்து வாழ்ந்த முஸ்லிம்களின் ஊர். தறி சோறு போடாத காலத்தில் அவர்கள் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் போனார்கள். மற்ற ஊர் முஸ்லிம்களில் ஆண்கள் மட்டும் போய்க் கடை வைத்து, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வருவதும் போவதுமாக இருந்தபோது, கடையநல்லூர்க்காரர்கள் மனைவி மக்களோடு போய்ச் சேர்ந்தார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். ஆண்களுக்குத் துறைமுகத்தில் வேலை. பெண்கள் சும்மா இருக்கவில்லை. மசாலா அரைத்து விற்றார்கள். அம்மிக் கல்லில் அரைத்த காசில் எத்தனை குடும்பங்கள் நிமிர்ந்தன!

1941இல் அவர்கள் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். நேரத்தைப் பாருங்கள். அடுத்த வருடம் பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மூன்றரை வருடம் பட்டினியும் பயமும். அந்த இருட்டில் ஓர் இளம் சங்கம் செத்துப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யுத்தம் முடிந்த மறுவருடமே, 1946இல், அந்தச் சங்கத்தார் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள்! பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. சீறாப்புராணம் பாடிய புலவரின் பெயர்.

துறைமுகக் கூலிகளின் சங்கம் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பள்ளி, பின்னாளில் சிங்கப்பூரின் ஒரே தமிழ்வழி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. இது சாதாரண விஷயமா? பெரும் செல்வந்தர்கள் இருந்த சமுதாயங்கள் செய்யாததை, மூட்டை தூக்கியவர்களும் மசாலா அரைத்தவர்களும் செய்து காட்டினார்கள்.

பிறகு காலம் மாறியது. பெற்றோர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். தஞ்சோங் பகாரின் பழைய வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் தீவெங்கும் அடுக்குமாடிகளுக்குச் சிதறினார்கள். 1982இல் பள்ளி மூடப்பட்டது. ஆனால் மறுவருடம் சிங்கப்பூர் அரசாங்கம் தமிழ் கற்பிக்க ஒரு நிலையம் தொடங்கியபோது அதற்கு உமறுப் புலவர் பெயரையே வைத்தது. இன்றும் அந்தப் பெயரில் அது நடக்கிறது. கடையநல்லூர்ச் சங்கமும் இன்றும் இருக்கிறது. பள்ளி போன பிறகும் ஏன் அது சாகவில்லை? தெரு சிதறினாலும் உறுப்பினர் பட்டியல் சிதறவில்லை. என் கணிப்பு இதுதான்.

நம்மிடம் இல்லாததா?

சரி, நம் பகுதிக்கு வருவோம். பாலாற்றங்கரையில் நமக்குப் பஞ்சமே இல்லை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி. அந்த ஊர் முஸ்லிம் கல்விச் சங்கத்தின் உழைப்பு. தென்னிந்தியாவில் முஸ்லிம்கள் நடத்திய கல்லூரிகளில் மூத்தவற்றுள் ஒன்று அது. நமக்கு மிக அருகே மேல்விஷாரத்தில் 1918இல் தொடங்கிய முஸ்லிம் கல்விச் சங்கம். அந்த ஊர் தோல் வியாபாரி நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாஹிப் 1938இல் மறைந்தார். 1965இல் அவர் பெயரால் கல்லூரி எழுந்தது. சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் கட்டிய சித்தீக் சராயில் தலை சாய்த்து எழுந்த பயணிகள் எத்தனை ஆயிரம்! 1924இல் ஆம்பூர் அருகே உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாம். தோல் வணிகர் காக்கா முஹம்மது உமர் சாஹிபின் கொடை. வேலூர் பாக்கியாத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? தமிழ்நாட்டின் எந்தக் கோடிக்குப் போனாலும் அங்கே ஓதிய ஆலிம் ஒருவரைப் பார்க்கலாம்.

1866இலேயே நகராட்சி கண்ட ஊர் நம் வாலாஜா. பொதுக் காரியம் நமக்குப் புதிதல்ல.

அந்த வள்ளல்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். ஆனால் ஒன்றை மனம் திறந்து சொல்லியாக வேண்டும். வியாபாரப் பெருமக்கள் கோபித்துக் கொள்ளக் கூடாது. பெரிய மனிதர்களின் கொடை கட்டிடங்களைக் கட்டியது. அதே காலத்தில் நாலணா சந்தா மஹல்லாக்களைக் கட்டியது. இரண்டும் இரண்டு கைகள். காலப்போக்கில் நாம் என்ன செய்தோம்? நாலணாவை விட்டுவிட்டோம். "எதற்கு வீடு வீடாகப் போய் அலைய வேண்டும்? இன்ன டேனரி பாயிடம் சொன்னால் ஒரே செக்கில் முடிந்துவிடும்" என்று பழகினோம். ஒரே செக்கில் முடிந்தது. சங்கமும் முடிந்தது!

யார் செக் கொடுக்கிறாரோ அவர் வீட்டில் சாவி இருக்கும். அவர் காலமானால் மகன் தலைவர். மகனுக்கும் தம்பிக்கும் ஆகவில்லை என்றால் வழக்கு. கோர்ட்டில் இருக்கும் சங்கங்களின் பெயரை நான் எழுத மாட்டேன். உங்களுக்கே தெரியும். கணக்குக் கேட்கும் இளைஞனைப் பார்த்து "நீ எவ்வளவு கொடுத்தாய்?" என்கிறார்கள். அவன் வாயடைத்துப் போகிறான். அன்று நாலணா கட்டிய ஜட்காக்காரரை அப்படிக் கேட்டிருக்க முடியுமா? "நீங்கள் கொடுத்ததைத்தான் பாய் நானும் கொடுத்தேன், உங்களுக்கு இரண்டு மாத பாக்கி வேறு இருக்கிறது" என்று சொல்லியிருப்பார்!

தோல் தொழிலும் பழைய தோல் தொழில் அல்ல. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றைக் கெடுத்ததற்காக ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம்; சுத்திகரிப்பு ஏற்பாடு இல்லாதவற்றுக்குப் பூட்டு. சின்னச் சின்ன டேனரிகள் எத்தனையோ மூடிப் போயின. அந்தத் தீர்ப்பு அநியாயம் என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பாகிப் போன ஏழை விவசாயியும் நம் அண்டை வீட்டுக்காரர்தான். அதை மறந்துவிட்டு அநியாயம் பேச என்னால் முடியாது.

ஆனால் அந்த அடியில் ஒரு நன்மையும் நடந்தது. ராணிப்பேட்டையில், விஷாரத்தில், ஆம்பூரில், வாணியம்பாடியில் டேனரிக்காரர்கள் ஒன்று சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை நடத்தினார்கள். அரசு மானியத்தோடு தங்கள் பங்கையும் போட்டார்கள். எவ்வளவு கழிவு நீர் விடுகிறாயோ அந்தக் கணக்கில் மாதம் தோறும் கட்டு என்று விதித்துக் கொண்டார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாதவர்கள்கூட ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள். கழிவு நீருக்காக மாதச் சந்தா கட்டத் தெரிந்த நமக்கு, மஹல்லாவின் விதவைக்காக மாதச் சந்தா கட்டத் தெரியாதா? கோர்ட் உத்தரவு போட்டால்தான் சேருவோமா?

இன்றைய இத்தாலியர்கள் யார்?

இங்கே இன்னொன்றையும் கேட்க வேண்டும். வெளியூர் போனவர்களின் சங்கங்களைப் பற்றி இவ்வளவு நேரம் பேசினோம். நம் ஊருக்கு வந்தவர்களைப் பற்றி எப்போதாவது பேசினோமா?

2015 ஜனவரி 31 அதிகாலை. ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரிக்குள் தூங்கிக் கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சேறு பாய்ந்தது. 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். வேலை செய்த இடத்திலேயே படுத்துக் கிடந்தவர்கள். ஊரில் வாடகைக்கு ஓர் அறை எடுத்தால் ஊருக்கு அனுப்பும் பணம் குறைந்துவிடுமே என்று கணக்குப் பார்த்தவர்கள்.

இவர்கள் எந்தப் பட்டியலில் இருந்தார்கள்? எந்த ஜமாஅத்தில், எந்தச் சங்கத்தில், எந்த ரிஜிஸ்டரில்? நியூயார்க்கில் மண் வெட்டிய சிசிலிக்காரனுக்குப் பிணம் தூக்க ஒரு சங்கம் இருந்தது. சிங்கப்பூர் துறைமுகத்தில் கடையநல்லூர்க்காரருக்கு ஒரு சங்கம் இருந்தது. 1937இல் நம் ரயிலடியில் செத்துப் போன, ஊர் பேர் தெரியாத முசாபிருக்கும் ஒரு கஃபனும் ஒரு வரியும் இருந்தன. நம் டேனரிகளில் ஈரத் தோலைச் சுமக்கும் வங்காளத்துத் தம்பிக்கும், பீகார்த் தம்பிக்கும், அவர் எந்த மதமாக இருந்தாலும் சரி, இங்கே யார் இருக்கிறார்கள்? காய்ச்சல் வந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்? கூலி பாக்கி என்றால் யாரிடம் சொல்வார்?

முதலாளியிடமே சொல்லலாமே என்பீர்கள். பாக்கி வைத்தவரே முதலாளி என்றால்?

வாட்ஸ்அப் தம்பிக்கு

இப்போது அந்தத் தம்பிக்குப் பதில் சொல்கிறேன்.

தம்பி, உங்கள் குரூப்பைக் குறைவாகப் பேச மாட்டேன். ஆபரேஷனுக்கு ஐம்பதாயிரம் ஒரு மணி நேரத்தில் சேர்ந்ததை நானும் பார்த்தேன், கண் கலங்கினேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். படம் போட்டால் பணம் வருகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூக்கில் குழாயோடு, பெயரும் தெருவும் போட்டுப் படம் அனுப்பினால்தான் வருகிறது. படம் போடச் சம்மதிக்காத மானமுள்ள குடும்பத்துக்கு? முதல் மாதம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஏழாவது மாதம்? கிணற்றுக்குப் பின்வீட்டுக்குப் பதினோரு வருடம் அரிசி போயிற்று என்று வாசித்தேனே, பதினோரு வருடம் எந்த குரூப் ஞாபகம் வைத்திருக்கும்? அந்த வீட்டுப் பிள்ளைகள் இன்று இதே ஊரில் பெரிய நிலையில் இருக்கலாம். யாருக்கும் தெரியாது. தெரியாமல் கொடுத்ததால்தான் அவர்கள் தலை நிமிர்ந்து நடக்கிறார்கள்.

இன்னொன்று. குரூப்பில் வந்த பணத்துக்கு அட்மின் கணக்கு. அட்மின் நல்லவர்தான். அவர் துபாய் போய்விட்டால்? எந்த அமானத்தையும் ஒரு மனிதரின் நல்ல குணத்தில் மட்டும் கட்டி வைப்பது ஆபத்து. சிவப்பு மையில் பாக்கி எழுதக் கூடிய ஒரு புத்தகமும், அதை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கக் கூடிய ஒரு மேசையும் வேண்டும். மொபைலில் சந்தா வசூலியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னார்? ரசீதையும் மொபைலிலேயே அனுப்புங்கள். ஆனால் மாதம் தோறும் வாங்குங்கள். எல்லோரிடமும் வாங்குங்கள். ஒரே தொகை வாங்குங்கள்.

வியாபாரிகளுக்குக் கணக்காகவே சொல்கிறேன். ஒரு மஹல்லாவில் முந்நூறு வீடு. வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய். ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலை! மாதம் முப்பதாயிரம், வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். எந்த டேனரியின் வாசலிலும் நிற்க வேண்டாம். யாருக்கும் பொன்னாடை போர்த்த வேண்டாம். (பொன்னாடை என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமீபத்தில் ஒரு கல்வி விழாவுக்குப் போனேன். மேடையில் பத்தொன்பது பேருக்குப் பொன்னாடை. பரிசு வாங்க வந்த மாணவர்கள் பன்னிரண்டு பேர்.)

அந்தப் பணத்தில் என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வேலை கொட்டிக் கிடக்கிறது. வாக்காளர் பட்டியலில் நம் தெருவில் யார் பெயர் விட்டுப் போயிருக்கிறது என்று வீடு வீடாகப் பார்க்க ஆள் இருக்கிறாரா? பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் ஒரு பெயர். யார் உட்கார்ந்து மனு எழுதித் தருவார்? உதவித்தொகைக்குக் கடைசித் தேதி என்ன என்பது எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்? ஷூ கம்பெனிக்கு விடியற்காலையில் பஸ் ஏறிப் போகும் நம் சகோதரிகள் எத்தனை பேர்! அவர்களுக்கு பி.எஃப். பணம் எப்படிக் கேட்டு வாங்குவது என்று சொல்ல ஓர் ஆள் உண்டா? கம்ப்யூட்டர் தெரிந்த இரண்டு இளைஞர்கள், ஒரு மேசை, வாரத்துக்கு இரண்டு மணி நேரம். பத்துக்குப் பன்னிரண்டு அறை தாராளமாகப் போதும். அந்த அறையைத்தான் செல்போன் கடைக்கு விடப் பார்த்தோம்.

பெண்களிடம் சந்தா வாங்கலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். தஞ்சோங் பகாரில் மசாலா அரைத்த தாய்மார்களை நினைத்துக் கொண்டேன். "வாங்கலாம் பாய், கணக்கும் காட்டலாம்" என்றேன். அவர் எழுந்து போய்விட்டார். அடுத்த வாரம் வந்து பேத்தியின் பெயரைச் சேர்த்துவிட்டுப் போனார்.

நடந்தது

ரிஜிஸ்டர்கள் எடைக்குப் போகவில்லை. கரையான் தின்றது போக ஒன்பது புத்தகம் மிஞ்சியது. ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். இஷா தொழுகைக்குப் பிறகு நான் வாசிக்க, ஒரு தம்பி தமிழில் எழுதிக் கொள்கிறார். முதலாளியின் பாக்கியை அவருடைய பேரன் வந்து கட்டினார்! எட்டணாவை இன்றைய காசுக்கு எப்படிக் கணக்குப் போடுவது என்று பெரிய வாக்குவாதம் நடந்து, கடைசியில் அவரே ஐந்நூறு ரூபாய் வைத்துவிட்டுச் சிரித்துக் கொண்டே போனார்.

புதிய சந்தா புத்தகம் தமிழில். தொகை ஐம்பதா நூறா என்று இரண்டு வெள்ளிக்கிழமை பேசி, நூறு என்று முடிவானது. முடியாதவர்களுக்கும் அதே ரசீதுதான்; தொகையை அஞ்சுமன் போட்டுக் கொள்ளும், புத்தகத்தில் வித்தியாசம் தெரியாது. இது பழைய புத்தகத்தில் இருந்த வழக்கம். நாம் கண்டுபிடித்தது அல்ல.

மூன்றாவது வெள்ளியன்று, டேனரியில் வேலை செய்யும் வங்காளத்து இளைஞர் ஒருவர் வாசலில் தயங்கி நின்றார். வெளியூர்க்காரர்கள் சேரலாமா என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டார். பையன்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பழைய புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் இருந்த விதிகளை வாசித்தேன். உறுப்பினர் இந்த மஹல்லாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். எங்கே பிறந்தவர் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

அவர் பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று எழுதிய தம்பிக்குப் பிடிபடவில்லை. இரண்டு தரம் அடித்துத் திருத்தினார். வந்தவர் பேனாவை வாங்கித் தானே வங்காள எழுத்தில் எழுதினார். ரசீது எண் 47.

வெள்ளிக்கிழமைதோறும் மஃரிபுக்குப் பிறகு அந்த அறை திறந்திருக்கிறது.